சுமாரான பையனின் அம்மா

ஆன்ட்டியிடம் எதையும் புகழ்ந்து பேசிவிடக் கூடாது. பேசினால் அந்தப் பொருளுக்கு அந்த நிமிஷமே கெட்ட காலம் பிடிக்கும், அதுவும் அவர் வாயாலேயே. டெக்சஸில், இர்விங் ஊரில் அவர் வீட்டுக்கு முதல்முறை போனபோது இது தெரியாமல், "வீடு ரொம்ப நல்லாருக்கு ஆன்ட்டி" என்று சொல்லித் தொலைத்தேன். நாலு பெட்ரூம், பின்னால் நீச்சல் குளம், சமையலறை மட்டுமே எங்கள் அபார்ட்மென்ட் அளவு.

"எங்க கண்ணு, மழ பேஞ்சா ஒழுகுது. குளத்துல பூராப் பாசி" என்றார்.

எட்டிப் பார்த்தேன். குளத்தின் அடியில் கிடந்த சல்லிக்காசு தெரிந்தது. சரி, தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு சாம்பாரைப் பாராட்டினேன். "உப்புக் கரிக்குது" என்றார். அங்கிளுக்கு பிரமோஷன் கிடைத்ததற்காகத்தான் அன்றைக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அதையாவது பேசுவோம் என்று வாழ்த்துச் சொன்னால், "அட ஏங்கண்ணு, வேலையே நிக்குமோ போவுமோன்னு இருக்குது" என்று பெருமூச்சு விட்டார். தன் வேலை போகப் போகிற செய்தியை அங்கிள் கையில் கேக் தட்டோடு பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பழகிவிட்டது.

ஈரோட்டுப் பக்கம் பெரியவர் சின்னவர் எல்லாரையும் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார்களாம். நான் மெட்ராஸ்காரி, எனக்கு அது கேட்கவே இனிப்பாக இருக்கும். வாய் நிறைய எல்லாரையும் கண்ணு கண்ணு என்று கூப்பிட்ட அந்த அம்மா உலகத்தில் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். அதுவும் கண்ணுதான். கண்ணு பட்டுவிடும். வீட்டின் மேல், புருஷன் மேல், சாம்பார் மேல், எல்லாவற்றுக்கும் மேலாகப் பையன் மேல்.

இந்தப் பயத்தின் ருசியை நானும் ஒருநாள் பார்த்தேன். எனக்குப் பெண் பிறந்தபோது ஆன்ட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தார். பெற்றவர்கள் மெட்ராஸில் இருக்க, ஒரு நல்ல வார்த்தைக்கு ஏங்கிக்கொண்டு படுத்திருந்தேன். குழந்தையைக் கையில் வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, தவளக் குஞ்சாட்ட இருக்குது?" என்றார். நான் ஓவென்று அழுதுவிட்டேன். நர்ஸ் ஓடி வந்தாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் ஆன்ட்டி கைப்பையிலிருந்து மையை எடுத்துக் குழந்தையின் கன்னத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பொட்டு வைத்து, என் காதோடு, "வாய வெச்சுட்டுச் சும்மா இரு, மகாலட்சுமி வந்துருக்கறா" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு அவருடைய பாஷை புரிந்தது. அந்த பாஷையில் தவளை என்றால் மகாலட்சுமி.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் அமெரிக்காவிலேயே பிறந்தவன். அப்பா அம்மா ரெண்டு பேரும் என் தோளுக்கு இருப்பார்கள். இவன் எந்த மூதாதையரிடமிருந்து எடுத்தானோ, ஆறடி நாலங்குலம். பக்கத்து ஊரில் ஒரு சர்ச் நடத்திய சின்னக் காலேஜில் கடைசி வருஷம், பாஸ்கெட்பால் டீமில் முதல் ஐந்து பேரில் ஒருவன். தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பக்கத்து டீம்களில் நம்ம ஊர்ப் பையன் என்று பார்த்தால் அவன் ஒருவன்தான். தமிழ் முழுக்கப் புரியும், வாயைத் திறந்தால் இங்கிலீஷ்.

ஆன்ட்டி ஃப்ரீவேயில் கார் ஓட்ட மாட்டார். அங்கிள் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். எனக்கோ வேலை பார்க்க விசா கிடையாது. என் வீட்டுக்காரர் லாஸ் கோலினாஸ் ஆபீஸே கதி என்று கிடந்தார். ஒரு பழைய காரும் லைசென்ஸும் ஒரு தவளைக்குஞ்சும் மட்டும் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்த நான் ஆன்ட்டிக்கு டிரைவர் ஆனேன். அந்தக் குளிர்காலம் பூராவும் எந்த ஆட்டத்தையும் நாங்கள் விடவில்லை.

"கான்ஃபரன்ஸ் ஆரம்பிச்சுருச்சு" என்று பையன் முதலில் சொன்னபோது ஆன்ட்டிக்குக் குழப்பம். அவருக்குத் தெரிந்த கான்ஃபரன்ஸ், அங்கிள் டை கட்டிக்கொண்டு ஹோட்டலுக்குப் போவது. "இதென்ன கண்ணு, அரை டவுசரோட ஒரு கான்ஃபரன்ஸு?" என்றார். சுற்றுவட்டாரக் காலேஜ்கள் சில சேர்ந்து ஒரு கூட்டம் வைத்துக்கொண்டு, இவர்கள் ஊரில் ஒரு ஆட்டம் அவர்கள் ஊரில் ஒரு ஆட்டம் என்று ஒருவரோடொருவர் மோதுவதுதான் கான்ஃபரன்ஸ், அதில் முன்னால் நிற்கிறவர்கள் கடைசியில் கோப்பைக்கு விளையாடலாம் என்று நான் விளக்கினேன். "பங்காளிச் சண்டைன்னு சொல்லு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

ஆட்டத்தின் விதிகளையும் இப்படித்தான் அவராகப் புரிந்துகொண்டார். பந்தைத் தட்டாமல் கையில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டால் தப்பு. அப்போது நடுவர் விசில் ஊதி, ரெண்டு முஷ்டியையும் மார்புக்கு முன்னால் ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் சுழற்றிக் காட்டுவார். ஆன்ட்டி அதைப் பார்த்துவிட்டுக் கைகூப்பினார். "பாத்தியா, வெள்ளக்காரனா இருந்தாலும் வெவரம் தெரிஞ்சவரு. பசங்களுக்குச் சுத்திப் போடறாரு." அது தப்புக்கான சைகை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதற்கப்புறம் நடுவர் எதிர் டீமுக்கே அதிகமாகச் சுற்றிப் போடுகிறார் என்று அவருக்கு ஒரே ஆத்திரம்.

பையன் கூடைக்குள் பந்தைப் போட்டால் ஊரே எழுந்து நின்று கத்தும். ஆன்ட்டி உட்கார்ந்தபடியே முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஏதோ உழுந்துருச்சு" என்பார். பக்கத்திலிருக்கிற அமெரிக்க அம்மாக்கள், "தட்ஸ் மை பேபி!" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். அந்தப் பிள்ளைகளுக்காக ஆன்ட்டி நிஜமாகவே கவலைப்படுவார். "இப்படிப் பெத்தவளே ஊரக் கூட்டிச் சொன்னா அது வெளங்குமா கண்ணு?"

ஒருமுறை அவருடைய பயம் டீமுக்கே லாபமாகிவிட்டது. வாசலில் விற்கிற ஆட்டப் புத்தகத்தில் பிள்ளைகளின் உயரம் போட்டிருப்பார்கள். எல்லாக் காலேஜும் ஒன்றிரண்டு அங்குலம் கூட்டித்தான் போடும். ஆன்ட்டி மட்டும் காலேஜுக்கு ஃபோன் பண்ணி, என் மகன் அவ்வளவு உயரமெல்லாம் இல்லை, அஞ்சடி பத்தங்குலம்தான், வீட்டில் அளந்தோம் என்று அடித்துச் சொல்லிவிட்டார். அப்படியே அச்சாகிவிட்டது. வெளியூர் டீம் அதைப் படித்துவிட்டு அவனைத் தடுக்கக் குட்டிப் பையன் ஒருவனை அனுப்பியது. அந்தப் பிள்ளை அண்ணாந்து பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. ஆட்டம் முடிவதற்குள் அவன் கழுத்து சுளுக்கியிருக்கும்.

கோச்சுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அவர் அசல் டெக்சஸ்காரர். பெரிய தொப்பி, பெரிய பெல்ட் பக்கிள், பெண்கள் யாராக இருந்தாலும் "யெஸ் மேம்". எதிரியை ஏமாற்ற ஆன்ட்டி போட்ட திட்டம் அது என்றே நம்பினார். என் அசிஸ்டென்டுக்கு இருக்கிற மூளையைவிட இந்த அம்மாவுக்கு அதிகம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அங்கே பிடித்தது சனி.

கடைசி வருஷப் பிள்ளைகளின் வீட்டுக்கெல்லாம் சாப்பிடப் போவது கோச்சின் வழக்கம். அப்படி இவர்கள் வீட்டுக்கும் வந்தார். தோசை, கோழிக் குழம்பு. நான் தோசை ஊற்ற, ஆன்ட்டி பரிமாறினார். "டுடே நாட் குட், கோச். வெரி சுமார்" என்று சொல்லியே குழம்பை ஊற்றினார். கோச் வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, மனசாரச் சொன்னார்: "மேம், உங்க மகனோட கால்கள் மாதிரி கால்களை நான் இத்தனை வருஷத்துல பார்த்ததில்ல. என்னா குதி குதிக்கிறான்!"

ஆன்ட்டியின் முகம் வெளுத்தது. கையிலிருந்த கரண்டி நின்றது.

"நோ நோ, கோச். வெரி வீக் லெக்ஸ்" என்றார். "ஃப்ரம் சைல்ட்ஹுட். நீ ப்ராப்ளம்." மூட்டில் கோளாறு என்று தன் முழங்காலையே தட்டிக் காட்டினார்.

கோச் பதறிப்போனார். "ஒருநாள்கூட அவன் சொன்னதில்லையே!"

"ஹவ் வில் ஹி டெல்? லேஸி ஃபெல்லோ" என்றார் ஆன்ட்டி. பேச்சு மூட்டிலிருந்து குணத்துக்குத் தாவியதில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி.

பையன் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "அம்மா! ப்ளீஸ்!" என்றான். "சும்மா இருடா, உனக்கொண்ணும் தெரியாது" என்று தமிழில் அடக்கிவிட்டார். குழம்பைப் பற்றி ஆன்ட்டி சொன்னது பொய் என்று கோச்சின் நாக்குக்குத் தெரிந்தது. மூட்டைப் பற்றிச் சொன்னதைச் சோதிக்க அவரிடம் நாக்கு இல்லை. எதிரிக்கு ஒருத்தி உயரத்தில் பொய் சொல்லலாம். தன் பிள்ளையின் மூட்டைப் பற்றி எந்தத் தாய் பொய் சொல்வாள்? அவர் கணக்கு அப்படி.

மறுநாளிலிருந்து பையனைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். டாக்டர் பார்த்தார், படம் எடுத்தார், ஒன்றும் இல்லை என்றார். "படத்துக்குத் தெரியாதது அம்மாவுக்குத் தெரியும்" என்றார் கோச். ஒவ்வொரு ஆட்டமும் அவன் சூட் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டினான். டீம் வரிசையாகத் தோற்றது. வருஷம் பூராவும் உழைத்துவிட்டு, கடைசி சீசனை அவன் இப்படி உட்கார்ந்தே முடிக்கிற மாதிரி ஆகிவிட்டது. அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டான். வீட்டுக்கு ஃபோன் பண்ணினால், "இஸ் டாட் தேர்?" அவ்வளவுதான். ஆன்ட்டி ரிசீவரை அங்கிளிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று, வயரில் காது வைத்துக் கேட்பார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நம்ம ஊர் வழக்கத்தை நாமே எடுத்துச் சொல்லிவிடலாம் என்று நான் கோச்சைப் பார்க்கப் போனேன். என் இங்கிலீஷ் மேல் எனக்கு அப்போது அவ்வளவு நம்பிக்கை. கண்ணு படும் என்பதை எப்படிச் சொல்வது? யோசித்து, "கோச், ஐ வில் ஃபால்" என்றேன்.

"நீ விழப் போறியா? உட்காரும்மா!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

"நோ நோ. நாட் மீ. ஐ! ஐ!" என்று என் கண்ணைத் தொட்டுக் காட்டினேன். "ஐ ப்ராப்ளம், கோச். தட் இஸ் ஒய் மதர் இஸ் அஃப்ரெய்ட்."

கோச் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அடக் கடவுளே. அவனுக்குக் கண்ணும் சரியில்லையா?"

அந்த வாரம் பையனைக் கண் டாக்டரிடமும் அனுப்பினார்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, கறுப்புக் கண்ணாடியோடு அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் நான் குழந்தையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். அவன் நேராக என்னிடம் வந்து, "ஆன்ட்டி, யூ டூ?" என்றான். எனக்கு அவனைவிட ஏழெட்டு வயசுதான் கூட. அந்த 'ஆன்ட்டி' என்ற சொல்லும் சேர்ந்து குத்தியது.

கோச் கடைசியில் ஒரு வழி சொன்னார். "டாக்டர் சொல்லி நான் கேட்க மாட்டேன், நீ சொல்லியும் கேட்க மாட்டேன். அந்த அம்மா தன் வாயால, என் மகன் நல்லா இருக்கான்னு சொல்லட்டும். அந்த நிமிஷம் இறக்கிவிடறேன்."

சொன்னால் போதும். ஒரே வாக்கியம். சொந்த ஊரில் இனி ஒரே ஒரு ஆட்டம்தான் பாக்கி, சனிக்கிழமை பகலில். அதில் ஜெயித்தால்தான் கோப்பைக்குப் போகலாம். ஃபோனில் சொல்லச் சொன்னேன். ஆன்ட்டி நம்பரைப் போட்டுவிட்டு, கோச் குரல் கேட்டதும் வைத்துவிட்டார். காரில் போகும்போது ஒத்திகை பார்த்தோம்.

"சொல்லுங்க ஆன்ட்டி. மை சன் இஸ் குட்."

"மை சன் இஸ்..." என்றார். "நாட் பேட்."

"குட், ஆன்ட்டி! குட்!"

"நாட் வெரி பேட்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெற்ற பிள்ளையின் வாழ்க்கையில் விளையாடுகிறீர்களா, இந்தக் காலத்தில் கண்ணாவது காதாவது என்று ஃப்ரீவேயில் ஓட்டிக்கொண்டே கத்தினேன். ஆன்ட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இவனுக்கு முன்னால ஒண்ணு பொறந்துச்சு கண்ணு" என்றார். "பொம்பளப் புள்ள. அம்புட்டு அழகு. போறவன் வாரவன்கிட்டெல்லாம் நாந்தான் காட்டிக் காட்டிச் சொல்லிட்டுத் திரிஞ்சேன். தங்கல. ஊருக் கண்ணு கெடக்குது, என்ற கண்ணே பட்டுருச்சு."

அடுத்த எக்ஸிட்டில் இறங்க மறந்து நேராகப் போய்விட்டேன். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஸ்டியரிங்கை விட முடியவில்லை.

சனிக்கிழமை வந்தது. அன்றைக்கு டீம் ஜெயித்ததைத்தான் காலேஜே ரொம்ப நாள் பேசியது. நான் சொல்ல வந்தது ஆட்டம் தொடங்கும் முன் நடந்தது.

கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு அது மரியாதை செய்கிற நாள். ஒவ்வொரு பிள்ளையும் அப்பா அம்மாவோடு மைதானத்தின் நடுவுக்கு நடந்து வருவான். அம்மாவுக்கு ஒரு பூங்கொத்து. அம்மா மைக்கில் மகனைப் பற்றி நாலு வார்த்தை பேசுவாள். மற்ற அம்மாக்கள் பேசினார்கள், அழுதார்கள், முத்தம் கொடுத்தார்கள். கடைசியில் இவர்கள் மூன்று பேர். நடுவில் ஆறடி நாலங்குலம், ரெண்டு பக்கமும் அவன் நெஞ்சுக்கு வராத அப்பா அம்மா. பையன் அம்மா பக்கம் திரும்பவே இல்லை. என்ன சொல்லப் போகிறாள் என்று தெரிந்த முகத்தோடு தரையைப் பார்த்து நின்றான்.

நான் பெஞ்சுக்குப் பின்னால் முதல் வரிசையில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தேன். கோச் எனக்கு நேர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆன்ட்டி மைக்கை வாங்கினார். சுற்றிலும் பார்த்தார். மேலே வரை நிறைந்த கூட்டம், அத்தனை கண்ணும் அவன் மேல்.

ஊர்க் கண்ணை அவர் என்ன செய்ய முடியும்? தன் கண்ணையாவது தள்ளி வைப்போம் என்று நினைத்தாரோ என்னவோ, இறுக்கி மூடிக்கொண்டு தலையைக் குனிந்தார்.

சர்ச் நடத்துகிற காலேஜ். டெக்சஸ். அங்கே ஒரு அம்மா மைக்கைப் பிடித்துக் கண்ணை மூடித் தலை குனிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கோச் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். சடசடவென்று கூட்டம் முழுக்க எழுந்தது. தொப்பிகள் இறங்கின, தலைகள் குனிந்தன, கண்கள் மூடின. எதிர் டீம் பிள்ளைகள், விசில் ஊதுகிறவர், பாப்கார்ன் விற்கிற பெண், எல்லாரும்.

சத்தம் திடீரென்று அடங்கியதில் பயந்து ஆன்ட்டி ஒற்றைக் கண்ணைத் திறந்தார். அப்புறம் ரெண்டையும். வாய் பிளந்தபடி ஒரு சுற்றுப் பார்த்தார். அந்தக் கட்டடத்தில் அவர் பிள்ளை மேல் ஒரு கண்ணும் இல்லை. என்னுடையதைத் தவிர, நானும் சட்டென்று மூடிக்கொண்டேன். ஆகவே மீதியைக் காதால்தான் கேட்டேன்.

"என்ற பையன் நல்லா இருக்கறானுங்க" என்று தமிழில் ஆரம்பித்தார். முதலில் மெதுவாக, யாராவது கண்ணைத் திறப்பதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும் என்கிற அவசரத்தில் அப்புறம் வேகமாக. "மூட்டு நல்லா இருக்குது. கண்ணு நல்லா இருக்குது. நாந்தான் கண்டதையும் ஒளறிப் போட்டேன். சோம்பேறியெல்லாம் இல்ல. லீவுக்கு வீட்டுக்கு வந்தாக்கூட வெள்ளென எந்திரிச்சுப் பந்தத் தூக்கிட்டுப் போயிருவான், நான் சன்னல்ல நின்னு பாத்துட்டே இருப்பேன். அவன் குதிக்கறப்ப, சாமி, எனக்கு நெஞ்சு அடைச்சுப் போயிரும். நாம் பெத்ததா இதுன்னு இருக்கும். இவனாட்ட ஒருத்தன் இங்க இல்ல. இந்த ஊர்லயே இல்ல. கேக்குதாடா? இந்த ஊர்லயே இல்ல."

நிறுத்தினார். பிறகு அந்தக் கூட்டம் முழுக்க, ஒரே குரலில், "ஆமென்" என்றது.

கண்ணைத் திறந்தேன். கோச் என் பக்கம் திரும்பி, கலங்கிய கண்ணோடு, "என்ன வேண்டிக்கிட்டாங்க?" என்று கேட்டார்.

"மூட்டும் கண்ணும் நல்லாயிடுச்சுன்னு சொன்னாங்க" என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை.

கோச் கூரையைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டு, "கோட்டக் கழட்டிட்டு ஜெர்ஸியப் போட்டுட்டு வாடா!" என்று நடு மைதானத்தைப் பார்த்துக் கத்தினார். பையன் நகரவில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து குனிந்து, முகத்தை அம்மா முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தான். மைக் இன்னும் ஆன்ட்டி கையில்தான் இருந்தது, அதனால் எல்லாருக்கும் கேட்டது.

"அம்மா. ஸே இட் அகெய்ன்."

ஆன்ட்டி பூங்கொத்தால் அவன் முகத்தைத் தள்ளினார்.

"போடா. எல்லாரும் முழிச்சுட்டாங்க."